சிறுநீர் தேங்கி வீங்கும் சிறுநீரகம்: கண்டி வட்டாரத்தை முன்வைத்து

2022 மார்ச் மாத இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை, முன்கூட்டியே திகதி குறித்திருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. மருந்து தீர்ந்துகொண்டிருந்தது; வாங்குவதற்கு இலங்கையிடம் டொலர் இல்லை. அவசர சிகிச்சைகள் மட்டும் நடந்தன. அந்நேரம் கொழும்புக்கு வந்திருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியைப் பார்த்துக் கவலை தெரிவித்து, உதவும்படி தமது தூதரகத்தைக் கேட்டுக்கொண்டார். பேராதனையின் பெயர் சில நாட்கள் வெளிநாட்டுச் செய்திகளிலும் அடிபட்டது. பிறகு செய்தி மறைந்தது. அது எழுப்பிய கேள்வி மட்டும் மறையவில்லை: எந்த நோயாளியைக் காத்திருக்கச் சொல்லலாம், எவரைச் சொல்லக்கூடாது?

குடலிறக்கத்துக்கான ஒப்பரேஷன் இரண்டு மாதம் பிந்தினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிறுநீர் இறங்க வழியில்லாமல் வீங்கிக் கிடக்கும் சிறுநீரகத்துக்கு அதே இரண்டு மாதம் ஆயுளின் முடிவாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே வாட்டில் நடமாடும் நோயாளிகள்தான். சில வேளைகளில் சிறுநீரகம் அடைபட்டவருக்கு வலிகூட இருக்காது. கண்டியைச் சுற்றியுள்ள மலைநாட்டில் இந்த நோயைப் பற்றிப் பேசும்போது, சிகிச்சை முறைகளை எவ்வளவு பேசுகிறோமோ அவ்வளவு தாமதத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். சிகிச்சை இருக்கிறது. அது நல்ல சிகிச்சை. இந்த நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவும் கிடைக்கிறது. சிறுநீரகங்கள் பறிபோவது பெரும்பாலும் அந்தச் சிகிச்சை வந்து சேருவதற்கு முன்னுள்ள இடைவெளியில்.

உடலுக்குள் நடப்பது இதுதான். சிறுநீரகத்தின் வெளிப்பகுதியில் உள்ள இலட்சக்கணக்கான நுண்வடிகட்டிகள் இரத்தத்தைச் சுத்தம் செய்து சிறுநீரை உண்டாக்குகின்றன. அது உட்புறமுள்ள புனல் போன்ற ஒரு குழிவில் சேர்ந்து, அங்கிருந்து சுமார் 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள மெல்லிய குழாய் வழியாகச் சலப்பைக்கு இறங்குகிறது. குழாய் சும்மா கிடப்பதில்லை. தசை சுருங்கி விரிந்து சிறுநீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இந்த வழியில் எங்கே அடைப்பு வந்தாலும், மேலே சிறுநீர் உண்டாவது நிற்பதில்லை. தேங்கிய நீர் குழிவை விரிக்கிறது, அழுத்தம் பின்னோக்கி ஏறி வடிகட்டிகளை நெருக்குகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது, வெளிப்பகுதியின் திசு மெலிகிறது. இந்த நிலையைத்தான் ஸ்கேன் அறிக்கையில் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்று எழுதுகிறார்கள். அது தனியொரு நோயின் பெயர் இல்லை. கீழே எங்கோ ஒரு தடை இருக்கிறது, அல்லது சிறுநீர் திரும்பி மேலேறுகிறது என்பதற்கான அடையாளம் அது. ஆகவே அறிக்கையைக் கையில் வாங்கியவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வீக்கம் எவ்வளவு என்பதைவிட, ஏன் வந்தது என்பதுதான்.

அறிக்கையில் மைல்ட், மொடரேட், சிவியர் என்று ஒரு தரம் எழுதியிருக்கும். வீக்கத்தின் அளவும் ஆபத்தின் அளவும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை என்பதைப் பலர் அறியார். பிறவியிலேயே மெல்ல மெல்ல விரிந்து பெரிய பையாகிப்போன சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கலாம். நேற்றிரவு கல் சிக்கிய சிறுநீரகம் ஸ்கேனில் கொஞ்சம்தான் வீங்கித் தெரியும். உள்ளே கிருமித் தொற்று இருந்தால் அதுவே நாளைக்கு உயிருக்கு உலை வைக்கும். மைல்ட் என்ற சொல்லைப் பார்த்து ஆறுதலடைந்து வீட்டுக்குப் போகிறவர், தமக்குக் காய்ச்சல் இருக்கிறதா, மற்றச் சிறுநீரகம் எப்படி, சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டுவிட்டே போக வேண்டும்.

கண்டியில் இந்த நோயைப் பற்றிப் பேசுவதற்கு இன்னொரு தடையும் உண்டு. கிட்னி என்றாலே இங்கே மக்கள் மனதில் வருவது வேறொரு நோய். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்திலும், பதினெட்டு வளைவு இறங்கி மகியங்கனை தாண்டிப் போனால் வரும் கிராந்துருகோட்டைப் பக்கத்திலும் விவசாயிகளைத் தாக்கிவரும், காரணம் இன்னும் முடிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் அது. அந்த நோயாளிகளில் பலர் கண்டிக்கே வந்து சேர்ந்தார்கள். பேராதனை நோய்க்குறியியல் பேராசிரியர் நீலகாந்தி ரத்னதுங்க உள்ளிட்ட குழு 2012 இல் வெளியிட்ட ஆய்வு, அந்த நோயில் முதன்மையாகப் பழுதாவது வடிகட்டிகளைத் தொடரும் நுண்குழாய்களும் அவற்றைச் சூழ்ந்த திசுவும் என்று காட்டியது. அங்கே சிறுநீரகம் வருடக்கணக்கில் சத்தமின்றிச் சுருங்குகிறது, போனது திரும்புவதில்லை. அடைப்பு நோயில் சிறுநீரகம் வீங்குகிறது. வழியைத் திறந்தால் பெரும்பாலும் திரும்புகிறது. இரண்டையும் ஒரே பயத்தில் கட்டிவைப்பதால் ஒரு கொடுமை நடக்கிறது. கிட்னி வீக்கம் என்று கேள்விப்பட்டதும் எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்து, குடும்பம் நேர்த்திக்கடனுக்கும் நாட்டு மருந்துக்கும் போய்விடுகிறது. காப்பாற்றக்கூடிய நோயாளி அந்தச் சில வாரங்களில் காப்பாற்ற முடியாதவராகிறார்.

எத்தனை வாரம் என்பதற்கு ஓரளவு விடை உண்டு. விலங்குகளில் குழாயை முற்றாகக் கட்டிவைத்துப் பார்த்த பழைய ஆய்வுகளின்படி, ஒரு வாரத்துக்குள் அவிழ்த்தால் சிறுநீரகம் ஏறக்குறைய முழுமையாக மீள்கிறது. பிந்தப் பிந்த மீளும் பங்கு குறைகிறது. ஆறு வாரத்தைக் கடந்தால் மீள்வது அரிது. மனிதரில் அடைப்பு பெரும்பாலும் அரைகுறையானது. அதனால் கால அவகாசம் கூடுதலாகக் கிடைக்கிறது, சிலருக்கு மாதக்கணக்கில். அந்த அவகாசத்தைத் தமக்கு உரிய சொத்தாக எண்ணுவதுதான் தவறு. எவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பது சோதனை செய்யாமல் தெரியாது.

பெரியவர்களில் முதலில் சந்தேகிக்க வேண்டிய காரணம் கல். பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியலாளர்கள் ரோகண சந்திரஜித், சி. பி. திசாநாயக்க ஆகியோரும் சத்திரசிகிச்சை நிபுணர் அனுருத்த அபேகுணசேகரவும் சேர்ந்து, ஒப்பரேஷனில் எடுத்த 69 கற்களை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்டார்கள். அவற்றில் மேலோங்கி இருந்தது கால்சியம் ஒக்சலேட். கல்லைச் சோதிப்பது வெறும் ஆர்வத்துக்காக இல்லை. யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் கரைத்துவிடலாம். ஒக்சலேட் கல் அப்படிக் கரையாது. வெளியே வந்த கல்லை எறிந்துவிடாமல் சிறு போத்தலில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது இதனால்தான் பயனுள்ளது.

வெயிலில் வேர்த்து, போதிய தண்ணீர் குடிக்காதவருக்குக் கல் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிரான மலையில் ஏன் வருகிறது? புசல்லாவை, தெல்தோட்டை, கலகா, ஹேவாஹெட்டைப் பக்கம் கொழுந்து எடுக்கும் பெண்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். மலையில் ஒதுங்க இடமில்லை. கழிப்பறைக்காக லயக் குடியிருப்பு வரை இறங்கி ஏறினால் கொழுந்தின் நிறை குறையும், பேர் பாதியாகும், அதாவது அரை நாள் சம்பளம்தான். ஆகவே காலையில் பிளேன்டீயோடு ஏறினால் பிற்பகல் கொழுந்து நிறுக்கும் வரை தண்ணீர் குடிப்பதை அவர்களே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர் அடர்த்தியாகிறது, தொற்று அடிக்கடி வருகிறது. தொற்றோடு சேர்ந்து வளரும் கற்கள் குழிவையே நிரப்பும் அளவுக்குப் பெரிதாகக்கூடும். தோட்டத்து மலையில் ஒரு கழிப்பறை கட்டுவதைச் சிறுநீரக நோய்த் தடுப்புப் பணியாகவே கணக்கில் எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குழாயில் சிக்கிய கல் 5 மில்லிமீற்றருக்கு உட்பட்டதென்றால் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தானாகவே விழுந்துவிடும். அதைவிடப் பெரிதானால் வாய்ப்பு குறையும். 10 மில்லிமீற்றரைத் தாண்டினால் காத்திருப்பதில் பொருளில்லை. வலிக்கு டைக்ளோபினாக் கொடுத்து, குழாயின் கீழ்ப்பகுதியில் இருந்தால் தம்சுலோசின் சேர்த்து, நான்கு முதல் ஆறு வாரம் வரை பார்க்கலாம். காய்ச்சல் இல்லை, மற்றச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, கிரியேட்டினின் ஏறவில்லை என்ற நிபந்தனைகளோடுதான் இந்தக் காத்திருப்பு. டைக்ளோபினாக்கை வைத்தியர் சொன்ன நாட்களுக்கு மேல் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பது, ஏற்கனவே தவிக்கும் சிறுநீரகத்தை இன்னும் வதைக்கும்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வலி நின்றால் கல் விழுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அடைபட்ட சிறுநீரகம் நாளடைவில் சிறுநீர் உண்டாக்குவதைக் குறைக்கிறது, குழிவு விரிந்து இடம் கொடுக்கிறது, அழுத்தம் தணிகிறது. நோயாளி சுகமாகிவிட்டதாக நினைத்து வேலைக்குப் போகிறார். கல் அதே இடத்தில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், திசு மெலிந்து வெறும் தண்ணீர்ப் பையாகிப்போன சிறுநீரகம் தெரியவருகிறது. வலி நின்றபிறகும் மறு ஸ்கேன் எடுத்துக் கல் போய்விட்டதை உறுதிசெய்வது தவிர்க்கக்கூடாத படி.

கல்லுக்கு நாட்டு மருந்து குடிக்காதவர் நம் ஊரில் குறைவு. பொல்பலா அவித்த தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சி முள் கஷாயம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைமருந்து. சிறுநீர் தாராளமாகப் போக வைப்பது புதிய கல் வராமல் தடுக்க உதவும். ஆனால் வழி முற்றாக அடைபட்டிருக்கும்போது குடம் குடமாகக் குடிப்பது கல்லைத் தள்ளாது. அழுத்தத்தையும் வலியையும்தான் கூட்டும். ஒரு பழத்தைப் பற்றி எச்சரிக்கையே தேவை. காமரங்கா எனப்படும் நட்சத்திரப் பழத்தில் ஒக்சலேட் மிக அதிகம். அதன் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றிக் கண்டி, பேராதனை மருத்துவர்கள் 2015 இல் சர்வதேச மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். ஏற்கனவே ஒரு சிறுநீரகம் அடைபட்டவர் அந்தச் சாற்றின் பக்கமே போகக்கூடாது.

இனி இந்த நோயின் மிக ஆபத்தான முகம். அடைப்பும் கிருமித் தொற்றும் சேர்ந்தால், தேங்கிய சிறுநீர் சீழாகிறது. வடிகட்டல் நின்றுபோன சிறுநீரகத்துக்குள் அன்டிபயோட்டிக் மருந்து போதிய அளவு போய்ச் சேராது. அழுத்தத்தில் இருக்கும் சீழ் இரத்தத்துக்குள் தள்ளப்படுகிறது. நடுக்கத்தோடு காய்ச்சல், இரத்த அழுத்தம் வீழ்ச்சி, புத்தி தடுமாற்றம் என்று சில மணி நேரத்தில் ஆள் கைமீறிப் போகலாம். நீரிழிவு உள்ளவருக்கு இன்னும் வேகமாக. இந்த நேரத்தில் செய்ய வேண்டியது கல்லை எடுப்பதில்லை; சீழை வெளியேற்றுவது. கல் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உலகெங்கும் சிறுநீரக அறுவை மருத்துவர்கள் கைக்கொள்ளும் முறை இது. முதலில் வழி, பிறகு காரணம்.

வழி திறக்க இரண்டு முறைகள். ஒன்று, முதுகுப்புறமாக ஸ்கேன் பார்த்து ஊசி செலுத்தி, குழிவுக்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்துச் சிறுநீரை வெளியே ஒரு பையில் வடிய விடுவது. அமெரிக்காவில் குட்வினும் அவரது குழுவும் 1955 இல் இதை விவரித்து எழுதினார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து செய்துவிடலாம். முழு மயக்கம் தாங்காத நோயாளிக்கு இது பெரிய வரம். மற்றது, சலப்பை வழியாகக் கருவியைச் செலுத்தி, குழாய்க்குள்ளேயே ஸ்டென்ட் வைப்பது. இரு முனையும் சுருண்ட, டி.ஜே. எனப்படும் இந்த ஸ்டென்ட் 1978 இல் ஃபின்னி என்பவரால் அறிமுகமானது. மேல் சுருள் சிறுநீரகத்திலும் கீழ்ச் சுருள் சலப்பையிலும் பிடித்துக்கொள்வதால் அது எளிதில் நழுவாது. தொற்றுள்ள அடைப்புக்கு இரண்டில் எது மேல் என்று ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் சமமாகவே பயன்பட்டன. எனவே எந்த வைத்தியசாலையில் எதைச் செய்ய ஆளும் கருவியும் உடனே இருக்கிறதோ அதைச் செய்வதே சரி. கண்டி நகரத்துக்குள் இருப்பவருக்கு இது சில மணி நேரத்துக்குள் நடக்கலாம். அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவருக்கு? தோட்ட வைத்தியரிடம் ஒரு நாள் பனடோல், அருகிலுள்ள சிறிய வைத்தியசாலையில் ஓரிரு நாள் ஊசி, பிறகு நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிக் கண்டிக்கு அம்புலன்ஸ். ஒவ்வொரு படியிலும் எவரும் வேண்டுமென்று பிந்துவதில்லை. ஆனால் விலா வலியோடு குளிர்க் காய்ச்சல் என்ற இரண்டு அறிகுறிகளையும் முதல் படியிலேயே ஒன்றுசேர்த்துப் பார்த்து, அன்றைக்கே ஸ்கேன் உள்ள இடத்துக்கு அனுப்பியிருந்தால் இரண்டு நாள் மிஞ்சும். அந்த இரண்டு நாள்தான் உயிர்.

உயிரைக் காக்கும் இந்த ஸ்டென்ட் பின்னர் தனியொரு பிரச்சினையாகவும் மாறுகிறது. இதை நான் விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் முழுவதும் தவிர்க்கக்கூடிய துன்பம் இது. ஸ்டென்ட் நிரந்தரமாக இருப்பதற்குச் செய்யப்பட்டதில்லை. சாதாரண வகையைச் சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதம் அளவில் எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும்போது அடிக்கடி சலம் வரும், இடைக்கிடை இரத்தம் கலந்து போகும், சலம் கழிக்கும்போது விலாவில் இழுக்கும். இவை ஸ்டென்ட் வைத்த பெரும்பாலானவர்கள் படும் தொல்லைகள், பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது தொல்லை பழகிப்போன பிறகு. ஆறு மாதம், ஒரு வருடம் கடந்தால் ஸ்டென்ட்டைச் சுற்றி உப்புப் படிந்து கல்லாகிறது. சிறுநீருக்கு வழிவிட வைத்த குழாயே அடைப்பாகிறது. இழுத்தால் வராது, உடைகிறது. கல்லை உடைக்க ஒரு ஒப்பரேஷன், மேல் சுருளை எடுக்க இன்னொன்று என்று நீளும். சிலருக்குச் சிறுநீரகத்தையே எடுத்துவிட வேண்டி வருகிறது. மறந்துபோன ஸ்டென்ட் என்ற தலைப்பில் உலகின் பல நாட்டு மருத்துவ இதழ்களிலும் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன.

ஏன் மறக்கிறார்கள்? உள்ளே ஒரு குழாய் இருக்கிறது என்பதே சிலருக்குச் சரியாக விளங்குவதில்லை. வைத்தியசாலையில் கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது. வாட்டில் விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில் கிடைக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். கூட வந்த மகன் அன்றைக்கு வேலைக்குப் போயிருப்பார். அந்த அம்மாவிடம் கல்லு எடுத்தாச்சா என்று கேட்டால், எடுத்தாச்சு என்பார். கல் எடுத்ததும் உண்மை, ஸ்டென்ட் உள்ளே இருப்பதும் உண்மை. மறுபடி கண்டிக்கு வர ஒரு நாள் சம்பளமும் இரண்டு பேரின் பஸ் காசும் வேண்டும். உடம்பில் வலி இல்லாதபோது அந்தச் செலவை யார் செய்வார்? நோயாளியின் அக்கறையின்மை என்று இதை எழுதி முடித்துவிடுவது அநியாயம். தீர்வு எளிது, மலிவானதும்கூட. ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எடுக்க வேண்டிய திகதியையும் ஒரு பதிவேட்டில் எழுதி, திகதி தாண்டியவரைத் தமிழிலும் சிங்களத்திலும் கூப்பிட்டுச் சொல்ல ஒரு ஆள் போதும். தோட்டத்து மருத்துவ மாதுவிடம் அந்தப் பட்டியலின் ஒரு பிரதி போனால் இன்னும் நல்லது. வீடு வீடாகப் போகும் அந்தப் பெண்களுக்குத் தெரியாத லயம் இல்லை.

குழந்தைகளின் கதை வேறு. இன்று பல பிள்ளைகளின் சிறுநீரக வீக்கம் அவர்கள் பிறப்பதற்கு முன்பே, தாயின் வயிற்று ஸ்கேனில் தெரிந்துவிடுகிறது. நூறு கர்ப்பங்களில் ஒன்று முதல் ஐந்து வரை இது காணப்படுவதாக உலகளவில் கணக்கிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை பிறந்தபின் தாமாகவே சரியாகிவிடும். இதைக் கர்ப்பிணிக்கு முதலிலேயே சொல்லாவிட்டால், மிச்ச மாதங்களை அவர் பயத்தோடே கழிப்பார். பிறந்த குழந்தைக்கு முதல் ஸ்கேனை 48 மணி நேரம் கழித்து எடுப்பது வழக்கம். முதலிரு நாட்களில் குழந்தையின் உடலில் நீர் குறைவாக இருப்பதால் வீக்கம் இருந்தும் தெரியாமல் போகலாம். இரண்டு சிறுநீரகமும் வீங்கி, சலப்பையும் நிறைந்து நிற்கும் ஆண் குழந்தைக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கூடாது. சிறுநீர்த் தாரையில் பிறவியிலேயே சவ்வு போன்ற வால்வு இருந்து வழியை மறைக்கும் கோளாறாக அது இருக்கலாம். உடனே கதீட்டர் போட்டு, பிறகு நுண்கருவியால் அந்தச் சவ்வை வெட்டிவிட வேண்டும். ஆண் குழந்தை சலம் போகும்போது தாரை பாய்கிறதா, சொட்டுச் சொட்டாக விழுகிறதா என்று தாயும் பாட்டியும் பார்ப்பது பழைய வழக்கம். நல்ல வழக்கம், கைவிட வேண்டாம்.

பிறவிக் காரணங்களில் முக்கியமான இன்னொன்று, புனல் போன்ற குழிவும் குழாயும் சேரும் இடம் குறுகியிருப்பது. இது இடப்பக்கம் அதிகம், ஆண் பிள்ளைகளில் அதிகம். சிலருக்குக் குறுக்கே போகும் ஒரு இரத்தக் குழாய் அந்த இடத்தை நெருக்கும். எல்லோருக்கும் ஒப்பரேஷன் தேவைப்படாது. எவருக்குத் தேவை என்பதை முடிவுசெய்யக் கதிரியக்க மருந்தைச் சிறிதளவு ஊசியில் ஏற்றி, ஒவ்வொரு சிறுநீரகமும் எத்தனை வீதம் வேலை செய்கிறது, சேர்ந்த சிறுநீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று படம்பிடிக்கிறார்கள். வீங்கிய பக்கத்தின் பங்கு 40 வீதத்துக்குக் கீழே போனால், அல்லது அடுத்தடுத்த படங்களில் குறைந்துகொண்டு வந்தால் ஒப்பரேஷன். பேராதனை மருத்துவ பீடத்தில் அணு மருத்துவப் பிரிவு இருப்பதால் மலைநாட்டுப் பிள்ளைகள் இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டிய தேவை குறைந்தது. ஆனால் இந்தப் படத்துக்கு வேண்டிய டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிப்போகும் பொருள். அதைத் தரும் மூலப்பொருளை விமானத்தில்தான் இறக்குமதி செய்கிறோம். டொலர் இல்லாத வருடத்தில் மாத்திரைக்கு மட்டும் தட்டுப்பாடு வருவதில்லை. முடிவெடுக்க உதவும் படங்களுக்கும் தட்டுப்பாடு வரும்.

ஒப்பரேஷன் பெரும்பாலும் அன்டர்சன், ஹைன்ஸ் ஆகிய இருவர் இங்கிலாந்தில் 1949 இல் எழுதிய முறையே. குறுகிய இடத்தை வெட்டி எடுத்து, குழாயைக் குழிவோடு அகலமாகத் தைத்துச் சேர்ப்பது. பத்தில் ஒன்பதுக்கு மேல் வெற்றி தரும் இந்த முறையை 1993 முதல் சிறு துளைகள் வழியாகவும் செய்கிறார்கள். பேராதனையில் போதனா வைத்தியசாலைக்குப் பக்கத்திலேயே சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை இருப்பது இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த நல்லதொன்று. பெற்றோர் அறிய வேண்டியது, ஒப்பரேஷனுக்குப் பிறகும் ஸ்கேனில் கொஞ்ச வீக்கம் பல மாதங்கள் தெரியும் என்பது. விரிந்த குழிவு ஒரேயடியாகச் சுருங்காது. வேலை செய்யும் வீதம் குறையாமல் இருந்தால் போதும்.

கர்ப்பிணிகளின் வலது சிறுநீரகம் வீங்கித் தெரிவது இயல்பு. கருப்பை அழுத்துவதும் ஹோர்மோன் குழாயைத் தளர்த்துவதும் காரணம். பிரசவமாகி ஆறு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். காய்ச்சலோ தாங்கமுடியாத வலியோ இருந்தால் மட்டும் அது வேறு கதை.

நடுத்தர வயதுப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் வீங்கினால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை நினைக்க வேண்டும். அந்தப் புற்று பக்கவாட்டில் பரவிக் குழாய்களை நெருக்குகிறது. சிறுநீரகம் வீங்கியது என்றாலே நோய் மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டதாகக் கணக்கு. வலியில்லாமல் வந்து, வாந்தியும் களைப்புமாகத் தொடங்கி, கிரியேட்டினின் பார்த்தபோதுதான் வெளிப்படும். முதுகுவழிக் குழாய் வைத்துச் சிறுநீரகத்தைத் தேற்றினால் புற்றுக்கான கதிர்ச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் உடல் தாங்கும். தடுக்கும் வழிகள் நாட்டில் இருக்கின்றன: 1996 இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள், 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் போடும் எச்.பி.வி. தடுப்பூசி. 35 வயதான பெண்கள் வெட்கத்தை ஒதுக்கிவைத்து அந்தக் கிளினிக்குக்குப் போவது அவர்களின் சிறுநீரகத்தையும் காக்கிறது.

வயதான ஆண்களுக்குப் புரஸ்டேட் சுரப்பியின் வீக்கம் ஒரு பொதுவான காரணம். இதில் ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. சலப்பை வலியில்லாமல் நிறைந்து நிறைந்து விரிந்து, பின்னழுத்தம் இரண்டு சிறுநீரகத்தையும் வீங்க வைக்கும். தாத்தா இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினால் வீட்டார் வயோதிபம் என்று விட்டுவிடுகிறார்கள். அது நிறைந்த சலப்பை வழிந்தோடுவதாக இருக்கலாம். கதீட்டர் போட்ட அன்றைக்கே லீற்றர் கணக்கில் சிறுநீர் போகும், அடுத்த சில நாட்கள் உப்பும் நீரும் அளவுக்கு மீறி வெளியேறும். அதனால்தான் உடனே வீட்டுக்கு அனுப்பாமல் வாட்டில் வைத்து அளந்து பார்க்கிறார்கள். சிறுநீரகம் தேறியபின் மாத்திரையோ, தாரை வழியாகப் புரஸ்டேட்டைச் செதுக்கும் ஒப்பரேஷனோ.

இத்தனை காரணங்களும் வெவ்வேறு வாட்டுகளில், வெவ்வேறு வயதினரில் வந்தாலும், கண்டி வட்டாரத்தில் அவற்றின் முடிவைத் தீர்மானிப்பவை சில பொதுவான விடயங்களே. எவ்வளவு சீக்கிரம் முதல் ஸ்கேன் கிடைத்தது? சீழ் இருந்தால் எத்தனை மணி நேரத்தில் வழி திறக்கப்பட்டது? ஸ்டென்ட் எடுக்கும் திகதியை நோயாளி தன் மொழியில் கேட்டாரா? 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள், பட்டியல்கள் நீண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சரித்துப் பாதைகளை மூடியபோது, கிளினிக்குக்கு வர வேண்டியவர்கள் ஊருக்குள்ளேயே அடைபட்டார்கள். இத்தகைய நாட்கள் இனியும் வரும். அப்போது தள்ளிப்போடக்கூடாதவர்கள் யார் என்ற பட்டியல் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்: தொற்றோடு அடைபட்டவர், ஒரே சிறுநீரகம் உள்ளவர், இரு பக்கமும் அடைபட்டவர், வேலை செய்யும் வீதம் குறைந்துவரும் பிள்ளை, திகதி தாண்டிய ஸ்டென்ட் உள்ளவர். சத்திரசிகிச்சை பிற்போடப்படும் எந்த வாரத்திலும் இந்த ஐந்து வகையினரின் பெயர் அவசரப் பக்கத்தில் நிற்க வேண்டும். சுகாதார நிர்வாகத்திடம் இதைக் கேட்பது பெரிய ஆசையில்லை. புதிய கட்டிடமோ விலையுயர்ந்த இயந்திரமோ இதற்கு வேண்டியதில்லை.

வாசிப்பவர்களிடம் கேட்பது இரண்டு. விலா வலியோடு குளிர்க் காய்ச்சல் வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் ஸ்கேன் உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். உங்கள் வீட்டிலோ லயத்திலோ கல் ஒப்பரேஷன் செய்துகொண்டவர் இருந்தால், அவருடைய டயக்னோசிஸ் கார்டை ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் இன்றைக்கே காட்டி, உள்ளே ஸ்டென்ட் இருக்கிறதா, எடுக்கும் திகதி எது என்று கேட்டுச் சொல்லுங்கள்.